புரோத்ராபூர் சிவப்பு மாடு

இன்று ஆஸ்பத்திரியில் என் முதுகுவலியைப் பார்த்த டாக்டரம்மா, "மாடு வளர்த்தீங்களாய்யா?" என்று கேட்டார்.

இல்லை. எழுபதுகளில் இந்தத் தீவில் ஒரு கால்நடை லேபில் டெக்னீசியனாக இருந்தேன். கையுறை தரமாட்டார்கள். கரு கலைந்த மாடுகளின் நஞ்சுக்கொடியை வெறுங்கையால்தான் அறுப்போம்.

எனக்கு விட்டுவிட்டுக் காய்ச்சலும் முதுகுவலியும் வந்தன. மலேரியா என்றே மருந்து கொடுத்தார்கள். மாட்டு நோய் தொற்றியிருக்குமோ என்ற சந்தேகத்தில், என் ரத்தத்தின் மேல் எங்கள் ஊர்ப் பெயரைப் போட்டு 'புரோத்ராபூர் சிவப்பு மாடு' என்று எழுதி, மற்ற மாட்டு ரத்தத்தோடு மெயின்லேண்ட் கப்பலில் அனுப்பினேன்.

முடிவு வந்ததும் அதிகாரி பதறினார். "கன்றுவீச்சு நோய்யா! அந்தச் சிவப்பு மாட்டைத் தனியா கட்டச் சொல்லு. யாரும் கிட்ட போகக் கூடாது, மனுஷனுக்கும் தொத்தும்."

"சார், அது நான்தான்."

அதிகாரி வருகைப் பதிவேட்டைப் புரட்டினார்.

"அரே பாய், ஸ்டாஃப் கம்மி. நாளைக்கு வேலைக்கு வந்துடு."

பேசாமல் மாடாகவே இருந்திருக்கலாம், இல்லையா?