மீன்கண் விழுந்த பம்பர்கள்

ரோபோவுக்குப் பெயிண்ட் அடிக்கக் கற்றுக்கொடுப்பது என் தொழில்; பம்பர் பளபளத்தால் ரோபோவின் கெட்டிக்காரத்தனம், பல்லிளித்தால் என் தலையெழுத்து.

மலேசியாவில் ரவாங் பக்கம், காருக்கு பம்பர் செய்கிற தொழிற்சாலை. கெர்லிங்கிலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் போய் வருகிறேன். நீங்களும் மெஷினோடு மாரடிப்பவர் என்றால் இதைப் படித்துவிட்டு என்னோடு சேர்ந்து பல்லைக் கடிப்பீர்கள்.

சும்மா நிற்கிற வேலை

பன்னிரண்டு வருடம் ஸ்ப்ரே துப்பாக்கியைக் கையில் பிடித்தவன் நான். வளைவில் மணிக்கட்டை எப்போது திருப்ப வேண்டும், ஓரத்தில் எங்கே வேகத்தைக் கூட்ட வேண்டும் என்பதெல்லாம் என் உடம்பில் ஊறியது. ரோபோ வந்தபோது அதன் கையைப் பிடித்து அங்குலம் அங்குலமாக நகர்த்தி, அத்தனையையும் அதற்குள் பதிய வைத்தேன். இரண்டு மாதம் தோளைத் தூக்க முடியவில்லை. இன்றைக்கு அது அடிக்கிற ஒவ்வொரு வீச்சும் என் வீச்சு.

கோலசிலாங்கூரில் ஒரு கல்யாணம். பந்தியில் மாமா பக்கத்தில் உட்கார்ந்து வேலையைப் பற்றி விசாரித்தார். நானும் இலையில் சோறு ஆறுவதுகூடத் தெரியாமல் விளக்கிச் சொன்னேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னது: "அதான் அதுவே அடிக்குதே மாப்ள, நீ பக்கத்துல சும்மா நிக்கிறதுக்கா சம்பளம் கொடுக்கிறான்?"

ரோபோவுக்குப் பொட்டு

ஆயுத பூசைக்கு எங்கள் லைனில் எல்லா மெஷினுக்கும் பொட்டு உண்டு. ரோபோவை மட்டும் எப்படி விடுவது? பெயிண்ட் அறைக்குள் எதையும் கொண்டுபோகக் கூடாது என்பதால், வெளியே நிற்கிற அதன் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தோம். வைத்தது கலையரசி அக்கா. பம்பர் உள்ளே போகுமுன் ஒவ்வொன்றையும் தூசி போகத் துடைத்து அனுப்புகிறவர். பத்தொன்பது வருட சர்வீஸ். அவர் துடைத்த பம்பரில் ஒரு தூசியை நான் பார்த்ததில்லை.

பெட்டியைக் கும்பிட்டுவிட்டு அக்கா என்னிடம் மெல்லச் சொன்னார்: "ஒனக்கும் சேத்துத்தான் வேண்டிக்கிட்டேன் தம்பி, அது கெட்டா ஒன்னத்தானே ஏசுவாங்க."

போட்டோ

திங்கட்கிழமை காலையில் பெரிய வாடிக்கையாளர்கள் வந்தார்கள். தரை பளிச்சென்று இருந்தது. வருடக்கணக்காகக் கிரீச்சிட்ட பெயிண்ட் அறைக் கதவுகூட அன்று சத்தமில்லாமல் திறந்தது. விருந்தாளி வந்தால்தான் இதெல்லாம் நடக்கும் என்று எரிச்சலோடு நினைத்துக்கொண்டேன். வந்தவர்கள் ரோபோவோடு போட்டோ எடுக்க ஆசைப்பட்டார்கள். பழக்கியவன் என்ற உரிமையில் நானும் ஓரமாக நின்றேன். மேனேஜர் குணசீலன் சிரித்த முகத்தோடு கையை அசைத்தார்: "கொஞ்சம் தள்ளிக்கோ லா, ரோபோவ மறைக்கிற."

தலையை முகர்ந்தார்கள்

அன்று மத்தியானமே பம்பர்களில் மீன்கண் விழுந்தது. பெயிண்ட் ஒட்டாமல், சின்னச் சின்ன வட்டமாகக் குழி விடுவதை அப்படிச் சொல்வோம். எண்ணெய்ப் பசை எங்காவது துளி இருந்தாலும் வந்துவிடும். முதலில் நானே முந்தின வாரத்துப் பூசையைத்தான் சந்தேகப்பட்டேன். யாரும் பார்க்காதபோது அக்கா வைத்த பொட்டைத் தின்னர் போட்டுத் துடைத்தேன். அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. குழியோ நின்றபாடில்லை.

மறுநாள் மேனேஜர் குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட்டார். துடைக்கிற பெண்களை வரிசையாக நிறுத்தி, தலைத்துணியைக் கழற்றச் சொல்லி, ஆபீஸ் பெண்ணை விட்டு ஒவ்வொரு தலையையும் முகர்ந்து பார்க்க வைத்தார். பத்தொன்பது வருடம் வேலை செய்தவரின் தலையை! தேங்காயெண்ணெய் வாசம் அக்காவிடம் இருந்ததாம். உடனே ஒரு கடிதம். வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போட வேண்டுமாம்; போட்டால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஆகும், அதோடு வேலை போய்விடும். ஆங்கிலத்தில் இருந்த அதை அக்கா என்னிடம் கொண்டுவந்து படித்துச் சொல்லச் சொன்னார். படித்தேன். அக்கா கேட்டது ஒன்றே ஒன்று: "பொறந்ததிலேருந்து வைக்கிற எண்ணெ தம்பி, இந்தத் திங்கக்கெழமதான் அதுக்கு வெசம் வந்துச்சா?"

கதவு

அந்தத் திங்கட்கிழமை என் மண்டையைக் குடைந்தது. குழி விழுந்த பம்பர்களை அடுக்கிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் இடது பக்கம்தான், கதவுப் பக்கம். இரண்டு தகடு எடுத்தேன். ஒன்றை அக்காவின் தலைத்துணியால் துடைத்தேன், இன்னொன்றைக் கதவுக் கீலுக்குக் கீழே வைத்துக் கதவைப் பத்து தடவை திறந்து மூடினேன். இரண்டுக்கும் ரோபோவை விட்டு ஒரே மாதிரி அடித்தேன். அக்காவின் தகடு கண்ணாடி மாதிரி வந்தது. கதவுத் தகட்டில் குழி கொட்டிக் கிடந்தது. கீலைத் தொட்டேன், விரல் வழுக்கியது. கிரீச் சத்தம் போக அடிக்கிற சிலிக்கான் ஸ்ப்ரே. பெயிண்ட் அறைக்கு அதைவிடக் கொடிய எதிரி கிடையாது, வாசலிலேயே எழுதி ஒட்டியிருக்கிறோம்.

இரண்டு தகட்டையும் வெள்ளிக்கிழமை காலையில் மேனேஜரின் மேசைமேல் வைத்தேன். ஸ்ப்ரே டப்பா அவருக்குப் பின்னால் அலமாரியிலேயே நின்றது. விருந்தாளி வருகிற நேரத்தில் கதவு கத்தியதாம், அவரே அடித்தாராம். மன்னிப்பு கேட்பார் என்று நானும் முட்டாள்தனமாகக் காத்திருந்தேன். கடிதத்தைக் கிழித்துவிடுகிறாராம், ஆனால் வாடிக்கையாளருக்கு ஏதாவது காரணம் சொல்ல வேண்டுமாம். "ரோபோ பழுதுன்னு ரிப்போர்ட் எழுதிக் கொடு, அது என்னா வாயத் தொறந்து பேசவா போவுது?"

ரோபோ பழுது என்றால் அதைப் பழக்கியவன் பழுது. கடிதத்தை என் கண்முன்னால் கிழிக்கச் சொல்லிவிட்டு, உட்கார்ந்து எழுதினேன். கையெழுத்தும் போட்டேன்.

கிழிந்த காகிதத்தை அக்காவிடம் கொடுத்தேன். நடந்தது முழுவதையும் கேட்டார், அழவில்லை. கதவைக் கைகாட்டிச் சொன்னார்: "அடுத்த பூசைக்கு ரோபோவுக்கு வேணாம் தம்பி, இந்தக் கதவுக்குப் பெருசா ஒரு பொட்டு வைப்போம்."

எங்கள் தொழிற்சாலையில் இதுவரை எந்தத் தப்பும் செய்யாத ஒரே ஆள் மேனேஜர்தான் என்பதற்கு எழுத்தில் ஆதாரம் இருக்கிறது, எழுதியவன் நான்.