காதைத் தொட்ட கை

எழுபதைத் தொட்டுவிட்ட என் தம்பி இன்றைக்கும் விடிந்ததும் வாசலில் நின்று குனிந்து நிமிர்கிறான், கையைச் சுழற்றுகிறான், ஏரிக்கரை வரைக்கும் வேகமாக நடந்துவிட்டு வருகிறான். யாராவது மெச்சினால், "எல்லாம் பால்வாடியில போட்ட அஸ்திவாரம்பா" என்பான். கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். இந்த வயதிலுமா என்று கேட்காதீர்கள். எரியத்தான் செய்கிறது.

பிரெஞ்சு வெள்ளைக்காரன் கொடியை இறக்கிக்கொண்டு போய் மூன்று நான்கு வருஷம் ஆகியிருக்கும். பாகூருக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் ஊரில், பழைய சாவடிக்கு வெள்ளையடித்துப் பால்வாடி திறக்கப்போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டது. சின்னப் பிள்ளைகளை ஓடவிடுவார்களாம், பந்து கொடுப்பார்களாம், பாலும் பச்சைப்பயறும் உண்டாம். எனக்கு ஆறு வயது. பந்து என்ற சொல்லைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று.

ஒன்றாம் வகுப்பில் சேர்வதற்கு ஒரு வழக்கம் இருந்தது. வலது கை தலைக்கு மேலாகச் சுற்றிவந்து இடது காதைத் தொடவேண்டும். தொட்டால் சேர்த்துக்கொள்வார்கள், எட்டாவிட்டால் அடுத்த வருஷம் வரச் சொல்வார்கள். எதில் சேர்வதற்கும் அதுதான் பரீட்சை என்று நான் முடிவு செய்துவிட்டேன். கழுத்தை வளைத்து, விரலை நீட்டி, போகவர அதே வேலை. "சுளுக்கிக்கப் போவுதுடி" என்று அம்மா கத்துவாள். நான் விடவில்லை.

திறந்த அன்று, புதுச்சேரியிலிருந்து பஸ்ஸில் வந்திருந்த டீச்சர் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தினார்கள். பாகூரில் மேரி என்கிற, பிறப்பு இறப்பு பதிகிற கம்யூன் ஆபீசில் போய்ப் பார்த்தால் எல்லார் பிறந்த தேதியும் தெரிந்துவிடும். அதற்கு அவர்களுக்கு ஏது நேரம்? கையைத் தூக்கச் சொன்னார்கள். நான் நினைத்தபடியே ஆயிற்று! எனக்கு முன்னால் நின்ற தம்பியின் கை உச்சந்தலையோடு நின்றுவிட்டது. நான் சிரித்தேன். என் முறை வந்தபோது காதைத் தொட்டது மட்டுமில்லை, பிடித்துத் திருகியும் காட்டினேன்.

"சபாஷ்! நீ பள்ளிக்கூடம் போற வயசு பாப்பா. இங்க சின்னவங்களுக்குத்தான் இடம்" என்று சொல்லிவிட்டு, டீச்சர் தம்பியின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார்கள்.

பள்ளிக்கூடத்துக்கும் அனுப்பவில்லை. "பொட்டப் புள்ளைக்குப் பள்ளிக்கூடம் இன்னாத்துக்கு? நான் நடவுக்குப் போயிட்டா தம்பிய யாரு தூக்கிட்டுப் போவா?" என்று அம்மா கேட்டாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அவனோ நாலு வயதுக் குண்டுப் பயல். நடக்கத் தெரியும், ஆனால் நடக்கமாட்டான். தினமும் இடுப்பில் சுமந்துகொண்டு போய் இறக்கிவிட்டு, உச்சிவேளை வரை சாவடி ஜன்னலில் தொங்கிக்கொண்டு நிற்பேன். உள்ளே நகம் பார்ப்பார்கள், கை கழுவுவார்கள், சுண்ணாம்புக் கோட்டின் மேல் விழாமல் நடப்பார்கள். பவுடர் பாலை அவரவர் வீட்டிலிருந்து கொண்டுவந்த அலுமினிய டம்ளரில் ஊற்றித் தந்தால் என் தம்பி, "நாத்தம் அடிக்குது, வாணாம்" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வான். டீச்சர் அவனை மடியில் வைத்துக் கொஞ்சிக் கெஞ்சிக் குடிக்கவைப்பார்கள். வெளியே ஒருத்தி எச்சிலை விழுங்கிக்கொண்டு நிற்பது அவர்கள் கண்ணில் படவே இல்லை. அந்த மடியைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தவளைப் பாய்ச்சல் என்று ஒன்று. குந்தி, இரண்டு கையையும் ஊன்றி, எம்பவேண்டும். தம்பி எம்பினால் மூக்குத்தான் தரையில் இடிக்கும். நான் ஜன்னலுக்கு வெளியே, புழுதியில், அவர்கள் எல்லாரையும்விட நன்றாகப் பாய்ந்தேன். டீச்சர் பார்க்கவேண்டும் என்றுதான் பாய்ந்தேன். என்றைக்காவது பார்த்துவிட்டு, "அட, நீயும் உள்ள வா" என்று கூப்பிடுவார்கள் என்ற நப்பாசை.

ஒருநாள் பார்க்கத்தான் பார்த்தார்கள். "நல்லா பண்றியே! தம்பிக்கு வூட்டுல சொல்லிக் கொடு பாப்பா" என்றார்கள். சரி, இவன் தேறினால் சொல்லிக்கொடுத்தவளையும் கூப்பிடுவார்கள் என்று கணக்குப் போட்டேன். சாயங்காலமெல்லாம் அவனை விரட்டி விரட்டிப் பாயவைத்தேன். பாசம் என்று நினைத்துவிடாதீர்கள். எனக்குக் கிடைக்காத ஆட்டத்தை இவன் இப்படி நாறடிக்கிறானே என்ற ஆத்திரம். விழுந்தால் தூக்கிவிடமாட்டேன், தானே எழுந்துகொள்ளவேண்டும். பயல் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறினான். கோட்டில் நடந்தான், பாய்ந்தான், பாலைக்கூட மூச்சுவிடாமல் குடித்தான்.

நெல் அறுப்பு முடிந்து, மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலையும் விதைத்துவிட்டுக் கொஞ்சம் ஓய்வாக இருந்தபோது டீச்சர் அம்மாக்களைக் கூப்பிட்டு, பிள்ளைகளை ஓடவிட்டுக் காட்டினார்கள். என் தம்பிதான் முதலில் வந்தான். "பாருங்க, காலு எவ்வளவு உரமா இருக்கு! நல்லா வளத்திருக்கீங்கம்மா" என்றார்கள் டீச்சர். அம்மாவுக்கு வாயெல்லாம் பல். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன், அடுத்த வார்த்தை எனக்குத்தான் என்று. டீச்சர் என் பக்கம் திரும்பவும் செய்தார்கள்.

"இனிமே இவனைத் தூக்காதே பாப்பா. பக்கத்து வூட்டுப் பிள்ளைங்களோட நடந்தே வரட்டும், அதுதான் உடம்புக்கு நல்லது. உனக்கும் இடுப்பு வலி விட்டுது" என்று சிரித்தார்கள்.

மறுநாள் காலையில் நான் அவனை வம்படியாகத் தூக்கி இடுப்பில் வைத்தேன். "எறக்கி வுடு, நான் நடந்து போவேன்" என்று காலை உதைத்தான். இறுக்கிப் பிடித்துப் பார்த்தேன். வலுவான கால்கள், நழுவிவிட்டன. டம்ளரைக் கையில் பிடித்தபடி பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு தெருக்கோடி வரைக்கும் ஒரே ஓட்டமாக ஓடினான்.

அம்மா வாசலில் நின்று அதைக் கண்குளிரப் பார்த்தாள். பிறகு கூடையை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

"நல்லதாப் போச்சு. நீ வா, மல்லாட்டைக்குக் களை எடுக்கணும்."