இறங்குகிற தண்ணியில் எனக்காக நின்னவ

போன கார்த்திகை மாசம், பழவேற்காடு ஏரியோரம் எங்க குப்பத்துல நடந்தது இது. எனக்கு எழுத்து அவ்வளவா வராது, மெதுவாத்தான் எழுதுறேன்.

சின்ன வயசுலயே நைனா என்னை மெட்ராசுக்குக் கூட்டிப்போய் ஒரு டான்ஸ் மாஸ்டர்கிட்ட விட்டார். சினிமாவுல கதாநாயகிக்குப் பின்னால மூணாவது வரிசையில ஆடினேன். கோரஸ் பாடினேன். வயசானப்புறம் டிவி சீரியல்ல கல்யாணக் கூட்டத்துல நின்னேன். ஒண்ணுலயும் என் மூஞ்சி தெரியாது. அதுக்காக வாய்ப்பு கேட்டு யார் வாசல்லயும் நான் போய் நின்னதில்ல. முட்டி தேய்ஞ்சதும் ஊருக்கே வந்துட்டேன்.

அப்புறம்தான் யூடியூப் சேனல் நடத்துற பசங்க என்னைத் தேடி வந்தாங்க. நான் மட்டும் ஆடிப் பாடுற படம், முதல் தடவையா. ஏரியில படகு மேல, சாயங்கால வெயில்ல எடுக்கணும்னாங்க. ஒரு நாள் குறிச்சோம். மழையால மறுநாள்தான் வந்தாங்க.

எங்க ஏரியில இறாலுக்கு வலை கட்ட முறை உண்டு. இன்னிக்கு ஒரு வீடு, நாளைக்கு இன்னொரு வீடு. ஒரு வீடு தன் முறையை விட்டா, அது திரும்ப வர நாளாகும். நாங்க வலை கட்டுற வீடு இல்ல, அன்னிக்கு யார் முறைன்னு எனக்குத் தெரியல.

படகுல நின்னு ஒரு தடவை முழுசாப் பாடி ஆடினேன். தூரத்துல இருந்து எடுத்தாங்க. அடுத்து கிட்ட வந்து மூஞ்சிய எடுக்கணும். முட்டி வலி உயிர் போகுது. திரும்புறப்பதான் பார்த்தேன், பக்கத்து வீட்டுக்காரியும் அவ புருஷனும் இடுப்பளவு தண்ணியில கம்பும் வலையுமா நிக்கிறாங்க. எங்க படகு நின்னதே அவங்க வலை கட்டுற இடம். தண்ணி கடல் பக்கம் இறங்க ஆரம்பிச்சுடுச்சு. அது முழுசா இறங்கிட்டா இறாலும் கூடவே போயிடும், வலை கட்டிப் பிரயோஜனமில்ல.

"இன்னாடி, வாயத் தொறந்து சொல்லக் கூடாதா?"ன்னு கத்தினேன்.

"நீ முடிச்சிட்டு வாக்கா. இறாலுக்கு இன்னா, பொன்னேரி ரயிலையா புடிக்கணும்?"னு சிரிச்சா. புருஷன்காரன் சிரிக்கல. தண்ணியையே பார்த்துக்கிட்டு நின்னான்.

படகைக் கரைக்கு விடச் சொன்னேன்.

"பாட்டிம்மா, வெளிச்சம் போயிடும். அப்புறம் உங்க மூஞ்சி தெரியாது"ன்னான் கேமராக்காரன்.

"என் மூஞ்சி தெரியாத படம் நிறைய இருக்கு தம்பி. இதுவும் இருந்துட்டுப் போவட்டும்."

கரை ஏறுறதுக்குள்ள இருட்டிடுச்சு. பசங்களும் மறுபடி வரல. போன்ல வந்த பாட்டுல தூரத்துல ஒரு படகு, அதுல ஒரு பொம்பள, அவ்வளவுதான். இறால் எவ்வளவு கெடைச்சுதுன்னு நான் அவளைக் கேக்கல, அவளும் சொல்லல. இத்தனை வருஷ ஆட்டத்துல, நான் பாடி முடிக்கட்டும்னு தன் பொழப்பை நிறுத்திட்டு நின்னவ அவ ஒருத்திதான், ஓஞ்சுபோன இந்த உடம்புக்கு அது போதும்னு இன்னிக்கும் தோணுது.