அக்காவின் லென்ஸ் சறுக்கவில்லை

2009-ஆம் ஆண்டு. சிதம்பரத்தில் எம்.எஸ்சி. இயற்பியல் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தேன். வீடு கடலூரில் என்பதால் தினமும் பஸ்ஸில்தான் போய் வருவேன். எனக்குக் கிடைத்த புராஜெக்ட் கொஞ்சம் வேடிக்கையானது. மாதம் ஒருமுறை தூக்கிப்போடுகிற கான்டாக்ட் லென்ஸ், போடப் போட எவ்வளவு சொரசொரப்பாகிறது என்று அளக்க வேண்டும்.

பெரிய கருவியெல்லாம் கிடையாது. லென்ஸை ஒரு சின்ன எடையின் அடியில் ஒட்டி, லென்ஸ் கழுவுகிற மருந்துத் தண்ணீர் தடவிய கண்ணாடிப் பலகையில் வைத்து, பலகையை மெல்லச் சாய்ப்பேன். புது லென்ஸ் லேசான சாய்வுக்கே வழுக்கிக்கொண்டு போய்விடும். பலநாள் போட்டது கொஞ்சம் முரண்டு பிடித்துவிட்டுத்தான் இறங்கும். பழைய லென்ஸுக்காக ஹாஸ்டல் ஹாஸ்டலாக அலைந்தேன்.

"ஊரு கண்ணுல கெடந்தத வாங்கியாந்து சறுக்குமரம் வுடுற. இதுக்கு ஒரு டிகிரி வேற!" என்று அக்கா சிரிப்பாள். ஆனால் தன்னுடையதைக் கழற்றியதும் டப்பாவோடு எனக்கே கொடுத்துவிடுவாள்.

அக்கா சின்ன வயதிலிருந்து தடிமனான கண்ணாடி போட்டவள். அதைக் காரணம் காட்டி ஒரு இடம் தட்டிப்போனது. அப்பா இல்லாத வீடு. பயந்துபோன அம்மா, அடுத்த வரனுக்குக் கண்ணாடி இல்லாத போட்டோவைக் கொடுத்தார். பெண் பார்க்க வந்த அன்று அக்கா லென்ஸ் போட்டு உட்கார்ந்தாள். பிடித்துவிட்டது. நிச்சயமும் முடிந்தது. அதன் பிறகுதான் சனியன் பிடித்தது. மாப்பிள்ளையின் தங்கை, சிப்காட் தொழிற்பேட்டையில் அக்கா வேலை பார்த்த கம்பெனியிலேயே புதிதாக வந்து சேர்ந்தாள், ஒரே ஆபீஸ் பஸ். சாயந்திரமானால் மாப்பிள்ளையின் அம்மா சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கு வந்து உட்காருவார். லென்ஸைக் கழற்ற அக்காவுக்கு நேரமே கிடைக்கவில்லை. ரசாயனப் புகை நெடி, கம்ப்யூட்டர், அடுப்படி என்று எல்லாவற்றிலும் அதோடுதான் இருந்தாள். மாதம் முடிந்தும் மாற்றவில்லை. புதுசு வாங்கக் கடைக்குப் போனால் அவர்கள் ஆள் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று பயம்.

கடைசியில் கண் எரிச்சல் தாங்காமல் லீவு போட்ட அன்று அவள் கழற்றிக் கொடுத்த ஜோடியை லேபில் வைத்தேன். பலகையைச் சாய்த்தேன். நகரவில்லை. இன்னும் சாய்த்தேன், அப்படியே ஒட்டிக்கொண்டு நின்றது. நான் ஏதோ தப்பாகச் செய்கிறேன் என்று நினைத்துத் திரும்பத் திரும்பச் செய்தேன். ஒவ்வொரு முறை கண் சிமிட்டும்போதும் இதுதானே அவள் கண்ணை உரசியிருக்கும் என்று தோன்றியதும் பலகையை அப்படியே போட்டுவிட்டு பஸ்ஸைப் பிடித்தேன்.

அன்று வீட்டுக்கு வந்ததும் வராததுமாகச் சொன்னேன். "அம்மா, இதுக்கு மேல அவ லென்ஸே போடக் கூடாது. கண்ணு போயிடும். அவுங்க கிட்ட உண்மையச் சொல்லிடலாம்."

"கல்யாணம் ஆவட்டும்டா, பக்குவமா சொல்லிக்கலாம். நீ வாய வச்சிகினு சும்மா இரு."

அக்காவைப் பார்த்தேன். "கொஞ்ச நாள்தானடா, பொறுத்துக்கறேன்" என்றாள். வலது கண் அப்போதே சிவந்திருந்தது. மறுநாள் புது ஜோடி வாங்கி வந்து கையில் கொடுத்தேன். அதையும் அதேபோல் நாள் முழுக்கப் போட்டுக்கொண்டாள்.

ஒரு நாள் காலையில் அவளால் வெளிச்சத்தையே பார்க்க முடியவில்லை. வலது கண்ணைப் பொத்திக்கொண்டு துடித்தாள். புதுச்சேரியில் பெரிய கண் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம். உரசி உரசிக் கருவிழியில் கீறல் விழுந்து, அதன் வழியே கிருமி இறங்கிவிட்டதாம். ஊசி, சொட்டு மருந்து, எதுவும் லேசில் கேட்கவில்லை. புண் ஆறியபோது கருவிழியின் நடுவில் வெள்ளையாகத் தழும்பு நின்றுவிட்டது. அந்தக் கண்ணுக்கு இனி வெளிச்சம் மட்டும்தான் தெரியும் என்றார் டாக்டர். அம்மா சுவரில் தலையை மோதிக்கொண்டார். எனக்கு அழக்கூட வரவில்லை.

மாப்பிள்ளையின் அம்மா பார்க்க வந்தார். இதற்கு மேல் மறைக்க என்ன இருக்கிறது? அம்மா எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அந்த அம்மா எங்கள் அம்மாவைப் பார்த்துக் கேட்டார்.

"கண்ணாடி போடறதெல்லாம் ஒரு கொறையாம்மா? மொதல்லயே சொல்லியிருந்தா நாங்க வேணாம்னா சொல்லியிருக்கப் போறோம்? கேக்கணும்னு கூட எங்களுக்குத் தோணலியே."

அவர் சொன்னது உண்மைதான் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அந்த வாரக் கடைசியில் நிச்சயத்துக்குக் கொடுத்த புடவையைத் திரும்ப வாங்கிக்கொள்ள ஆள் அனுப்பினார். கண்ணாடி போட்ட பெண்ணை ஏற்றுக்கொண்டிருப்பார்கள், கண் போன பெண் வேண்டாமாம்.

புராஜெக்டுக்கு நல்ல மார்க் வந்தது. அந்த மார்க் ஷீட்டை நான் இன்று வரை யாரிடமும் காட்டிப் பெருமைப்பட்டதில்லை. அக்காவுக்கு அதன்பின் வரன் எதுவும் அமையவில்லை, அவளும் கேட்பதை விட்டுவிட்டாள். யாருமே கேட்காத ஒரு கேள்விக்குப் பயந்து என் அக்காவின் கண்ணைக் கொடுத்துவிட்டோம். இதிலிருந்து பாடம் கற்றேன் என்று சொல்லக்கூட எனக்கு மனசு வரவில்லை.