தெருவைத் தாண்டாத மச்சான்

இரண்டு வருஷத்துக்கு முன்பு, எங்கள் சாணார்பட்டிப் பக்கம் மல்லிகை எடுப்பு மும்முரமாக இருந்த நேரம். என் மனைவிக்கு மார்பகப் புற்றுநோய்க்காகத் திண்டுக்கல்லில் கீமோ நடந்துகொண்டிருந்தது. மருந்து நோயோடு சேர்த்து எலும்பு மஜ்ஜையையும் அடித்துவிட்டது. ரத்தத்தில் கிருமியை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் இறங்கிவிட, அவை ஏறினால்தான் அடுத்த கீமோ என்று தள்ளிவைத்துவிட்டார்கள்.

செம்பட்டியில் காய்கறி வியாபாரம் செய்யும் அவளுடைய அண்ணன், யாரோ சொன்னதைக் கேட்டு ஆன்டி ஆக்ஸிடன்ட் மாத்திரை டப்பா ஒன்றை வாங்கி வந்தார். "மஜ்ஜைக்குச் சேதாரம் வராமக் காக்குமாம் மாப்ள. இன்னைக்கே ஆரம்பிச்சிரணும்" என்றார். எனக்குச் சந்தேகம்தான். ஆனால் மச்சானை மறுத்துப் பேச வாய் வரவில்லை.

என் மனைவி அதைத் தொடவில்லை. மறுநாள் மச்சானும் எங்களோடு ஆஸ்பத்திரிக்கு வர, டாக்டர் மேஜையில் அவளே டப்பாவை எடுத்து வைத்தாள். "அண்ணன் வாங்கியாந்துச்சு சார். சாப்பிடலாமா?"

திட்டு விழும் என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன். டாக்டர் பொறுமையாக லேபிளைப் படித்தார். இது மஜ்ஜைக்குக் காவல் நிற்கலாம். மருந்து அழிக்க வேண்டிய புற்றுநோய்க்கும் சேர்த்துக் காவல் நின்றுவிடுமோ என்ற பயமும் உண்டு. டாக்டர்களுக்கே இன்னும் உறுதியாகத் தெரியாததால் கீமோ முடியும்வரை வேண்டாம் என்றார்.

மச்சான் முகம் வாடிவிட்டது. "அப்ப எந்தங்கச்சிக்கு நான் எதுவுமே செய்ய முடியாதா சார்?"

"செய்யலாமே. இப்ப அவங்களுக்குக் கிருமி தொத்தக் கூடாது. பாக்க வர்றவங்களை நீங்க தடுக்கணும். முடியுமா?"

எங்கள் ஊரில் அது லேசான வேலை இல்லை. பழப்பையோடு வந்து, கட்டிலில் உட்கார்ந்து, கையைப் பிடித்து அழுதுவிட்டுப் போனால்தான் உறவு. மச்சான் வியாபாரத்தை வேலையாளிடம் விட்டுவிட்டு, தினமும் செம்பட்டியிலிருந்து வந்து எங்கள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"சன்னல் வழியாப் பாத்துட்டுப் போங்கத்தை."

"ஏலே, பெரிய போலீசா நீயி? எம்மருமகளைப் பாக்க டிக்கெட்டு எடுக்கணுமா?"

"டிக்கெட்டு தீந்து போச்சு அத்தை. அடுத்த மாசம் வாங்க."

சிலர் கோபித்துக்கொண்டு பேச்சையே நிறுத்தினார்கள். மச்சான் அசையவில்லை.

ஒரு நாள் காலை அவரைக் காணோம். எட்டிப் பார்த்தால், எதிர்ச்சாரியில் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு வெயிலில் நிற்கிறார். போன் அடித்தது. "எனக்கே சளி பிடிச்சிருச்சு மாப்ள. நான் அங்கிட்டு வரலை. நீங்க வாசலைப் பாத்துக்கங்க. அவளைச் செத்த நேரம் சன்னலுக்கு வரச் சொல்லுங்க, பாத்துட்டுப் போறேன்."

அன்று அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். யாரிடமும் முகம் முறிக்கத் தெரியாத நான், வந்த சொந்தங்களிடம் முடியாது என்று சொன்னேன்.

அணுக்கள் ஏறின. கீமோ முழுதாக முடிந்து, இப்போது அவள் தோட்டத்துக்குப் போகிறாள். தங்கச்சியைப் பார்க்க அவ்வளவு தூரம் வந்தும் தெருவைத் தாண்டாமல் நின்ற அந்த மனிதரை நினைத்தால், வயதில் எனக்கு இளையவராக இருந்தாலும் கும்பிடத்தான் தோன்றுகிறது.