குழியிலிருந்து வந்த வசனம்

கவ்ரில் ஸ்தவராகே நல்ல நடிகர். அதில் எங்கள் பிரெய்லா ஊரில் யாருக்கும் மாற்றுக் கருத்து கிடையாது. ஆள் உயரம், குரல் கனம், வந்து நின்றாலே மேடை நிறைந்துவிடும். ஒரே ஒரு குறை, அவருக்கு வசனம் மனதில் தங்காது. காலையில் படித்தது மத்தியானச் சூப்பு குடிப்பதற்குள் காணாமல் போய்விடும். ஒரு வருஷம் நடித்த நாடகத்தைக்கூட மறு வருஷம் புதிதாகக் கேட்பதுபோலக் கேட்பார்.

நாடகக்காரனுக்கு இதைவிடப் பெரிய சாபம் உண்டா? ஆனாலும் மனுஷர் முப்பது வருஷத்துக்கு மேல் ராஜாவாகவும் வியாபாரியாகவும் கொலைகாரனாகவும் வாழ்ந்துவிட்டார். காரணம் லெயோந்தினா.

எங்கள் அரங்கில் மேடையின் முன்விளிம்பில், நடிகருக்கு இடப்பக்கமாக, ஒரு குழி உண்டு. ஜனங்கள் பக்கம் மூடியிருக்கும், நடிகர் பக்கம் திறந்திருக்கும். அதற்குள் கழுத்தளவு இறங்கி உட்கார்ந்து, கையில் நாடகப் பிரதியோடு, வசனம் எடுத்துக் கொடுப்பதுதான் லெயோந்தினாவின் வேலை. அவள் உதடு அசையும், அரை நொடி கழித்து கவ்ரிலின் வாய் அசையும். அந்த அரை நொடியை ஊரே அவருடைய கம்பீரம் என்று நினைத்துக்கொண்டிருந்தது. ‘என்னமா நிதானிச்சுப் பேசறாரு பாரு!’ என்பார்கள். நிதானமாவது மண்ணாவது, அவர் காத்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

குழிக்குள் சரியான குளிர். தன்யூப் ஆற்றின் ஈரக்காற்று பலகை இடுக்கு வழியே வந்து நேராக அவள் கழுத்தில் விழும். அதனால் கோடையிலும் சாம்பல் நிறக் கம்பளி மஃப்ளர் ஒன்றைச் சுற்றியிருப்பாள். இருமல் வந்தால் அதையே வாயில் அடைத்துக்கொள்வாள். நடிகன் வசனம் தவறினான் என்ற பேச்சு தன் காதில் விழக்கூடாது என்பதில் அப்படி ஒரு வீம்பு.

சினிமா மட்டும் கவ்ரிலுக்குக் கைகூடவில்லை. வாலிப வயதில் தலைநகர் புக்காரெஸ்டிலிருந்து கூப்பிட்டார்கள். ராணுவ அதிகாரி வேஷம், நல்ல வேஷம். கேமரா ஓடியதும் இவர் தன் காலடியில் இடப்பக்கம் குனிந்து பார்த்தார். திரும்பத் திரும்பப் பார்த்தார்.

“தரையில என்னய்யா தேடற? காசு கீசு விழுந்துடுச்சா?” என்று டைரக்டர் கத்தியிருக்கிறார்.

சாயங்கால ரயிலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்தக் கதை இவருக்கு முன்னாலேயே பிரெய்லா வந்து சேர்ந்துவிட்டது. அதற்கப்புறம் அவர் கடைத்தெருவில் போனால் போதும், யாராவது ஒருத்தன், “என்ன கவ்ரில், கிடைச்சுதா?” என்பான். அவர் சிரிப்பார். வீட்டுக்குப் போய்க் குடிப்பார். மனைவியும் ஒருநாள் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். “மேடையில தேனாப் பேசறே, வீட்டுல ஒரு வார்த்தை வரமாட்டேங்குது” என்பதுதான் அவள் சொன்ன குற்றச்சாட்டு. வீட்டில் குழி இல்லையே, பாவம்.

ஒரு பிப்ரவரியில் லெயோந்தினாவுக்கு நெஞ்சில் சளி கட்டியது. குழியிலிருந்து அவளைத் தூக்கித்தான் எடுத்தார்கள். ஒரு வாரத்தில் போய்விட்டாள். அவள் இடத்துக்கு ஆள் போடவில்லை. “இந்தக் காலத்துல எவன் குழிக்குள்ள ஆள் வெக்கறான்?” என்று மேனேஜர் பலகை அடித்து மூடிவிட்டார். அந்த ஆணிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கவ்ரில் பின்வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தன் சவப்பெட்டிக்கு ஆணி அடிக்கிறார்கள் என்றுதான் அவருக்கு இருந்தது.

நாற்பதாம் நாள் சாப்பாடு லெயோந்தினாவின் தங்கை செவஸ்தியா வீட்டு முற்றத்தில். சர்க்கரையும் வால்நட்டும் போட்டு வேகவைத்த கோதுமை, முட்டைக்கோஸ் சுருள், பிளம் சாராயம். எங்கள் பக்கம் செத்தவருடைய சாமான்களை அன்றைக்கு உயிரோடிருப்பவர்களுக்குக் கொடுப்போம். இங்கே ஒருவர் வாங்கினால் அங்கே செத்தவருக்குப் போய்ச் சேரும். ஆனால் வாங்குகிறவர் நன்றி சொல்லக் கூடாது. ‘பொக்தாப்ரொஸ்தெ’ சொல்ல வேண்டும், அதாவது ‘கடவுள் செத்தவரை மன்னிக்கட்டும்’ என்று. நன்றி என்றால் பொருளை நீயே வைத்துக்கொண்டாய் என்று ஆகிவிடும். இது எங்கள் ஊரில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும்.

செவஸ்தியா ஒரு தட்டில் மெழுகுவத்தி ஒன்றை வைத்து, பக்கத்தில் அந்தச் சாம்பல் மஃப்ளரை மடித்து வைத்து நீட்டினாள். கவ்ரில் எழுந்தார். ஏற்கெனவே மூன்று கிளாஸ் உள்ளே போயிருந்தது. திரை விழும்போது குனிவதுபோல இடுப்பு வரை குனிந்து, “நன்றி, அம்மணி! மிக்க நன்றி!” என்றார்.

முற்றத்தில் எல்லார் தலையும் அவர் பக்கம் திரும்பியது.

“ஐயோ, நன்றி சொல்லாதீங்கண்ணே. அந்த வார்த்தையைச் சொல்லுங்க,” என்றாள் செவஸ்தியா.

“அட விடும்மா. எல்லாம் ஒண்ணுதான்.”

ஒன்றல்ல என்று அவருக்கும் தெரியும். அந்த வார்த்தையைச் சொன்னால் லெயோந்தினா செத்தது நிஜமாகிவிடும். அதைச் சொல்ல அவருக்கு மனசு வரவில்லை. மஃப்ளரைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

வீட்டில் பார்த்தால் அது ஈரமாக இருந்தது, அடுப்புக்கு மேலே கொடியில் போட்டார். காயவில்லை. மறுநாளும் ஈரம், அதற்கு மறுநாளும் ஈரம். பிழிந்தால் தண்ணீர் வரவில்லை, கையில் மட்டும் பிசுபிசுத்தது.

புது நாடகத்தின் முதல் காட்சி அன்று கவ்ரில் அந்த மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு, சாகிற மனநிலையில்தான் மேடை ஏறினார். இரண்டாவது வாக்கியத்திலேயே தலை காலி. பழக்கதோஷத்தில் இடப்பக்கம் கீழே பார்த்தார். அடித்து மூடிய பலகைதான் தெரிந்தது.

பலகைக்கு அடியிலிருந்து வசனம் வந்தது. அதே கரகரத்த குரல். கவ்ரில் பயத்தில் ஒரு எட்டு பின்னால் வைத்தார். ஆனாலும் வாய் தன் பாட்டுக்கு அரை நொடி கழித்து அதைத் திருப்பிச் சொல்லியது. கைதட்டல் அடங்க வெகு நேரமாயிற்று.

பயம் எத்தனை நாளைக்கு இருக்கும்? உபயோகமான பயம் சீக்கிரம் பழகிவிடும். மஃப்ளர் கழுத்தில் இருந்தால் குரல் வரும் என்று கண்டுகொண்டார். எங்கே நின்றாலும் இடப்பக்கம், தரைக்குள்ளிருந்து. டிராமில் தகரத் தரைக்கடியில், மீன் கடையில் ஈரச் சிமெண்டுக்கடியில். ‘அரை கிலோ கெண்டை, தலையோட’ என்று குரல் சொல்லும், இவரும் அதையே சொல்லி வாங்குவார்.

அந்த வருஷம் ராரெஷ் என்று ஒரு இளம் டைரக்டர் ஆற்றங்கரையில் படம் எடுக்க வந்தான். இந்தக் காலத்துப் பையன்கள் கேமராவை வைத்தால் வெட்டவே மாட்டார்கள், ஒரே ஷாட்டாகப் பத்து நிமிஷம் ஓடும். கவ்ரிலுக்கு அதில் சின்ன வேஷம். ஒரு பிசிறில்லாமல் பேசினார். ராரெஷ் வாயைப் பிளந்துவிட்டான். “இத்தனை நாளா எங்கண்ணே ஒளிஞ்சிருந்தீங்க?” என்றான். அடுத்து இன்னொரு படம், அதற்கடுத்து ஒரு போலீஸ் படம். பேப்பரில் போட்டோ வந்தது. கடைத்தெருவில் யாரும் ‘கிடைச்சுதா’ என்று கேட்பதில்லை. கடைசியில் ராரெஷ் தன் பெரிய படத்துக்கு அவரையே கதாநாயகனாகப் போட்டான். படகோட்டிக் கிழவன் ஒருவன், செத்துப்போன மனைவியிடம் ஆற்றைப் பார்த்தபடி பேசுகிறான். பக்கம் பக்கமாக வசனம், ஒரே ஷாட். அறுபது வயதுக்கு மேல் கதவு திறக்கிறது. வாழ்நாள் அவமானம் அத்தனையும் அந்த ஒரு ஷாட்டில் தீர்ந்துவிடும் என்று கவ்ரில் கனவு கண்டார்.

அந்தச் சமயத்தில்தான் செவஸ்தியா அவர் வீட்டுக்கு வந்தாள். உட்காரக்கூட இல்லை.

“அண்ணே, அக்கா கனவுல வர்றா. வாசல்லயே நிக்கறா, உள்ள வரமாட்டேங்கறா. கழுத்து வெறுங்கழுத்தா இருக்கு. ‘என் மஃப்ளரை ஏண்டி குடுக்கல’ன்னு கேக்கறா. குடுத்தேனேன்னா, ‘வரலையே’ங்கறா. போக வேண்டிய இடத்துக்கும் போக முடியாம, நடுவழியில நிக்கறாண்ணே. உங்க கால்ல விழறேன், அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிடுங்க.”

கவ்ரிலுக்கு விஷயம் புரிந்தது. சொன்னால் அவள் போய்விடுவாள். அவள் போனால் குரல் போய்விடும். குரல் போனால் படம் போச்சு. என்ன சொல்லித் தப்பிப்பது என்று தடுமாறினார். கழுத்தில்தான் மஃப்ளர் இருந்ததே, தரைக்குள்ளிருந்து குரல் எடுத்துக் கொடுத்தது. அவர் அப்படியே சொன்னார்:

“அழாதே செவூ. படம் முடியட்டும், சொல்லிடறேன்.”

செவஸ்தியாவின் முகம் வெளுத்துவிட்டது. “செவூன்னு என்னைய அக்கா மட்டுந்தான் கூப்பிடுவா. சின்னதுல, வீட்டுக்குள்ள மட்டும். உங்களுக்கு யார் சொன்னா?”

அவர் மஃப்ளரை இறுக்கிச் சுற்றிக்கொண்டார். அவள் சிலுவை போட்டுக்கொண்டே பின்னால் நடந்து போய்விட்டாள். தன்னை நடுவழியில் நிறுத்திவைக்கிற பொய்யையே லெயோந்தினா அவருக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறாள்! அது அவருக்கும் புரிந்தது. அப்புறம் வசனக் காகிதத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். வெட்கமில்லாத மனுஷன் என்று திட்டத் தோன்றுகிறதா? திட்டுங்கள், நானும் திட்டியிருக்கிறேன்.

படப்பிடிப்பு நாள் காலை, நல்ல வெயில். படகுத்துறையில் ஒத்திகை பார்த்தார்கள். மைக்கை அவர் நெஞ்சில், மஃப்ளருக்குள் மறைத்துக் குத்தியிருந்தார்கள். ஒத்திகை முடிந்ததும் ஒலிப்பதிவுக்காரன் சிப்ரியான் ஹெட்போனைக் கழற்றிவிட்டு எழுந்து வந்தான். காதைத் தேய்த்துக்கொண்டே இருந்தான்.

“அண்ணே, உங்க பக்கத்துல எந்தப் பொம்பளை நிக்கறா?”

“யாருமில்லப்பா. ஏன்?”

“பதிவாயிருக்கு. நீங்களே கேளுங்க.”

கவ்ரில் ஹெட்போனை மாட்டிக்கொண்டார். லெயோந்தினாவின் குரல் வசனத்தைச் சொல்லியது, பின்னாலேயே தன் குரல். இது தெரிந்ததுதானே என்று கழற்றப்போனார். அப்போதுதான் இடையில் வந்தது காதில் விழுந்தது. ஒவ்வொரு வசனத்துக்கும் நடுவே, அவர் தன் குரலின் அழகில் மயங்கி நின்ற இடத்திலெல்லாம், அவள் பேசியிருந்தாள்.

“குளிருது, கவ்ரில். ரொம்பக் குளிருது. சரி, விடு... அடுத்தது, ‘இந்த ஆறு எனக்கு என்ன மிச்சம் வெச்சுது...’”

அப்புறம் அவருடைய வசனம். மறுபடி அவள்.

“குளிருது, கவ்ரில். சரி, அடுத்தது...”

ஹெட்போனை மெதுவாகக் கழற்றினார். இந்த வார்த்தை அவருக்கு ஒருநாளும் கேட்டதில்லை. உயிரோடு இருந்தபோதும் எத்தனை தரம் சொன்னாளோ! அவர் காதுக்கு அவளிடமிருந்து வந்ததெல்லாம் தன் வசனம் மட்டும்தான். அவள் இருமினாளா, நடுங்கினாளா என்று குனிந்து பார்த்ததே கிடையாது. வசனத்துக்காகத்தான் குனிந்திருக்கிறார்.

“டேக் போலாமாண்ணே?” என்று ராரெஷ் கூப்பிட்டான்.

போய் நின்றார். கேமரா ஓடியது. இடப்பக்கம், துறையின் பலகைக்கு அடியிலிருந்து முதல் வசனம் வந்தது. கவ்ரில் வாயைத் திறக்கவில்லை. அவள் மறுபடி எடுத்துக் கொடுத்தாள், கொஞ்சம் உரக்க. நடிகன் திணறினால் அவள் அப்படித்தான் செய்வாள். அப்போதும் அவர் சும்மா நின்றார். மூன்றாம் தரம் அந்தக் குரலில் பதற்றம் ஏறிவிட்டது. ‘சொல்லு கவ்ரில், சொல்லுப்பா, ஜனங்க பாக்கறாங்க’ என்று கெஞ்சியது.

அவர் முழங்காலிட்டார். மஃப்ளரைக் கழுத்திலிருந்து எடுத்து, அப்போதுதான் யாரோ கையில் கொடுத்ததுபோல இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டார்.

“பொக்தாப்ரொஸ்தெ,” என்றார். “கடவுள் லெயோந்தினாவை மன்னிக்கட்டும். என்னையும் நீ மன்னிச்சுடு, தாயி.”

பலகைக்கடியில் அவள் குரல் பாதி வார்த்தையில் நின்றது. சிப்ரியான் ஹெட்போனை இரண்டு கையாலும் அழுத்திப் பார்த்தான். தண்ணீர் படகில் மோதுகிற சத்தம் மட்டும்தான் இருந்தது.

கவ்ரில் எழுந்து நின்று கேமராவைப் பார்த்தார். ஒரு வசனமும் வரவில்லை. ராரெஷ் நல்ல பையன், வெகு நேரம் வெட்டாமல் காத்திருந்தான். அப்புறம் வேறு வழியில்லாமல் கட் சொன்னான். மறுவாரம் அந்த வேஷத்துக்குப் புக்காரெஸ்டிலிருந்து வேறு ஆள் வந்தான். படம் நன்றாக ஓடியது. கடைத்தெருவில் பழையபடி, “என்ன கவ்ரில், கிடைச்சுதா?” என்று ஆரம்பித்துவிட்டார்கள்.

இலையுதிர்காலத்தில் செவஸ்தியா ஒரு தட்டில் முட்டைக்கோஸ் சுருளோடு வந்தாள். இந்தத் தடவை உட்கார்ந்தாள்.

“வந்தாளா?” என்று கேட்டார் கவ்ரில்.

“வந்தாண்ணே. மஃப்ளரை நல்லா சுத்திக்கிட்டு இருந்தா.”

“எதாவது சொன்னாளா?”

“ஒண்ணும் சொல்லல. தூங்கிட்டிருந்தா. உயிரோட இருந்தப்பதான் தூக்கத்துலகூட உங்க வசனத்தை முணுமுணுப்பாளே, இப்ப வாயை மூடிக்கிட்டு நிம்மதியாத் தூங்கறா.”

கவ்ரில் தட்டை வாங்கிக்கொண்டு குழந்தைபோலத் தேம்பி அழுதார். கொடியில் அந்த மஃப்ளர் காய்ந்து மொடமொடவென்று கிடந்தது.

இப்போது அவருக்கு வேலைக்காரன் வேஷம்தான் தருகிறார்கள். ‘ஐயா, வண்டி வந்துடுச்சு’ என்று ஒரே ஒரு வரி. முதல் நாள் அதுவும் மறந்துவிட்டது. மேடையில் வந்து நின்று, பலகை அடித்த அந்த இடத்தைக் குனிந்து பார்த்தார். சத்தமே இல்லை. அவரும் அவளை எழுப்பவில்லை. ஜனங்கள் காத்திருந்தார்கள், பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். ரொம்ப நேரம் கழித்து, மெதுவாக, தானாகவே அந்த ஒரு வரியைச் சொல்லி முடித்தார்.