காலிஸ்தேயின் கூடை

ஒரொந்தேஸ் ஆறு கடலில் கலக்கும் துறைமுகத்தில் உப்புமீன் விற்ற காலிஸ்தேயை ஏமாற்றிவிட்டுப் போனவர் எவரும் கிடையாது. எவ்வளவு உப்பைக் கொட்டி மூடினாலும், அடியில் கிடக்கும் கெட்ட மீனை மூக்காலேயே பிடித்துவிடுவாள். அடிமையாக வந்து, விடுதலை பெற்று, தனியாளாகக் கடை போட்டவள். வாயைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அப்படிப்பட்டவளை ஊரிலிருந்த கிறிஸ்தவச் சபையார் கையுயர்த்தி விதவைகளின் கூடைக்குப் பொறுப்பாக வைத்தபோது, முதலில் குழம்பிப்போனவள் அவளேதான்.

"என்னையா? மூப்பரே, நான் ஊரறிஞ்ச சண்டைக்காரி."

"அதுக்குத்தாம்மா உன்னை வச்சோம். உன்கிட்ட எவனும் வாலாட்ட மாட்டான்" என்றார் மூப்பர் பர்சபா.

உபவாச நாட்களில் ஒவ்வொரு வீட்டிலும் தாங்கள் தின்னாமல் விட்டதைக் கூடையில் கொண்டுவந்து போடுவார்கள். மறுநாள் அது விதவைகளுக்குப் போகும். காலிஸ்தே கைக்கு வந்த பிறகு கூடை ஒருநாளும் குறையவில்லை. யார் வீட்டில் அடுப்பு புகைந்தது, யார் வீட்டில் புகையவில்லை என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. சபையார் பாராட்டினார்கள். அந்தப் பாராட்டு அவளுக்கு இனித்தது. அதை ஏன் மறைக்க வேண்டும்?

அந்தக் கோடையில், ஒரு வெள்ளிக்கிழமை காலை, ஹெர்மியாஸ் என்ற நாடோடித் தீர்க்கதரிசி வந்து சேர்ந்தார். ஒட்டிய கன்னம், கிழிந்த செருப்பு, அதிகம் பேசாத மனிதர். இப்படி வருகிறவர்களில் பாதிப்பேர் வயிற்றுப்பாட்டுக்கு வருகிறவர்கள்தான். அதனால் சபையில் சில கட்டுப்பாடுகள் உண்டு. இரண்டு இரவுக்கு மேல் தங்கக் கூடாது. பரிசுத்த ஆவியில் நிறைந்து பந்தி வைக்கச் சொன்னால், சொன்னவர் அந்தப் பந்தியில் ஒரு வாய்கூடத் தொடக் கூடாது. தொட்டால் போலி. ஆற்றோரத்துச் சபைகளுக்கெல்லாம் கடிதம் போய்விடும். பிறகு எந்த ஊரிலும் அவருக்குக் கதவு திறக்காது.

ஹெர்மியாஸைக் காலிஸ்தே வீட்டில்தான் தங்கவைத்தார்கள். அன்று உபவாசம். பிற்பகல் ஜெபத்தில் அவர் கண்களை மூடியபடியே சொன்னார்: "நாளைக்கு விதவைகளுக்குப் பந்தி வையுங்கள்."

காலிஸ்தேக்கு உடனே மூக்கு வேர்த்தது. 'வா மகனே வா, நீ எப்படித் தின்னாமல் இருக்கிறாய் என்று பார்க்கிறேன்' என்று மனதுக்குள் கறுவிக்கொண்டாள். ஜெபம் முடிந்து எல்லாரும் வீட்டுக்குப் போய் உபவாசத்தை முடித்தார்கள். அவளும் கடையின் பின்பக்கம் உட்கார்ந்து அப்பமும் மீனும் தின்றாள். வீட்டில் இருந்த ஹெர்மியாஸுக்கு ஒரு குவளைத் தண்ணீர் வைத்தாள். அவருடைய பங்கைக் கூடையில் போட்டாள். மறுநாள் காலைப் பங்கும் அப்படியே கூடைக்குப் போனது. உண்மையானவன் கேட்கமாட்டான் என்பது அவள் கணக்கு. ஹெர்மியாஸும் கேட்கவில்லை. "நல்லாருங்க அக்கா" என்று தண்ணீரைக் குடித்தார். அது அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

சனிக்கிழமை மதியம் பர்சபா வீட்டு முற்றத்தில் பந்தி நடந்தது. கூடையிலிருந்து வந்த வாற்கோதுமை அப்பம், பருப்புக் கஞ்சி, ஒலிவக்காய், காலிஸ்தேயின் உப்புமீன். ஹெர்மியாஸ் பரிமாறினார். நன்றி ஜெபத்துக்கு எல்லாரும் கண்களை மூடினார்கள். காலிஸ்தே மட்டும் மூடவில்லை. கண்பார்வையில்லாத கிழவி சுசன்னாள் அப்பத்தைப் பிய்த்து, கஞ்சியில் தோய்த்து, கையால் துழாவி ஹெர்மியாஸின் வாயில் வைத்தாள். அவர் ஒரு கணம் திகைத்தார். பிறகு மென்று விழுங்கினார். கண்ணில் நீர் நின்றது.

பிடிபட்டான் என்று துள்ளியிருக்க வேண்டியவள் ஏனோ அந்த அப்பத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த அப்பம் அவள் சுட்டது. முந்தின நாள் அவருக்கென்று எடுத்து, கூடையில் போட்டது. தன் பங்கைத் தானே தின்றவன் திருடனா? வயிற்றில் இருக்க வேண்டியதைப் பிடுங்கிப் பந்தியில் வைத்தவள் யார்? தின்றார் என்று சொன்னால் அவர் பிழைப்பு போகும். தின்னவில்லை என்றால் பொய். நடந்ததை முழுதாகச் சொன்னால் கூடை போகும், அதோடு அவள் பெயரும் போகும்.

ஞாயிறு விடியற்காலை சபை கூடியது. அப்பம் பிட்குமுன் அவரவர் குற்றத்தை வாய்விட்டுச் சொல்வது அங்கே வழக்கம். பர்சபா கேட்பதற்குள் ஹெர்மியாஸ் எழுந்துவிட்டார்.

"நேத்துப் பந்தியில ஒரு வாய் சாப்பிட்டேன். யார் மேலயும் தப்பு இல்ல. பசி."

கூட்டம் சலசலத்தது. "நான்தான் அப்பவே சொன்னேனே" என்று யாரோ முணுமுணுத்தார்கள். பர்சபா முகம் வாடிவிட்டது. "கட்டுப்பாடு கட்டுப்பாடுதான் தம்பி. கடிதம் எழுதியாகணும்."

"நிறுத்துங்க!" என்றாள் காலிஸ்தே. "அது அவரு அப்பம். வந்ததுலேருந்து அவருக்கு நான் தண்ணிதான் குடுத்தேன். அவரு பங்கைக் கூடையில போட்டுக் கூடையை ரொப்பினேன். நீங்களும் ரொம்பிருக்குன்னு மெச்சினீங்க."

அவளைத் திட்டுவதா, அவரை அனுப்புவதா, தங்களையே நொந்துகொள்வதா என்று ஒருவருக்கும் புரியவில்லை. கடைசியில் பர்சபா, "காலிஸ்தே கூடையை விடணும்ங்கறவங்க கையைத் தூக்குங்க" என்றார். ஒரு கையும் எழவில்லை. "சரி, அவளே வச்சிருக்கட்டும்ங்கறவங்க?" அதற்கும் எழவில்லை.

"எத்தனை கை?" என்று கேட்டாள் சுசன்னாள்.

"ஒண்ணுமில்லம்மா. ரெண்டுக்கும்" என்றார் பர்சபா.

"நல்ல சபைடா இது. அந்தப் பிள்ளை வயிறு நேத்து ஜெபத்துக்கு மேல சத்தம் போட்டுச்சு. எனக்குக் கேட்டுது. அதான் ஊட்டினேன். கண்ணு இருக்கறவளை காவல் வச்சீங்களே, அவளுக்குக் காது எங்க போச்சு?" கிழவி தடியை ஊன்றி எழுந்தாள். "கூடை அவகிட்டயே இருக்கட்டும். ஆனா இனிமே தனியா திறக்கக் கூடாது. நான் பக்கத்துல நிப்பேன்."

கடிதம் எழுதப்படவில்லை. ஹெர்மியாஸ் புறப்பட்டபோது அடுத்த ஊர் வரைக்குமான அப்பத்தைக் காலிஸ்தேயே கட்டிக் கொடுத்தாள். அதற்கு மேல் கொடுக்கக் கட்டுப்பாடு இடம் தரவில்லை. "என்னை மன்னிச்சிருங்க" என்றாள். "அப்பம் நல்லா இருந்துச்சுக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார். அவர் உண்மையான தீர்க்கதரிசிதானா என்பது சாகும்வரை அவளுக்குத் தெரியவில்லை.

அதன்பிறகு கூடை அடிக்கடி குறைந்தது. ஒவ்வொரு முறையும் அவள் மூடியில் கைவைத்ததும் கிழவி அந்தக் கையைப் பிடித்துக்கொள்வாள்.

"காலிஸ்தே, உன் வீட்டுக்கு யாராச்சும் வந்திருக்காங்களா?"

"வந்திருக்காங்கம்மா."

"சாப்பிட்டாங்களா?"

அதற்குப் பதில் சொன்ன பிறகுதான் மூடியைத் திறக்க விடுவாள்.